பெங்காலான் பூஜாங்: கடல் விலகிப்போன துறையும் கடாரத்தின் கதையும்

கெடாவில் மெர்போக் வட்டாரத்தில் பெங்காலான் பூஜாங் என்றொரு கிராமம் இருக்கிறது. வயல், தென்னை, மரவீடுகள், நடுவே ஒரு சிறிய ஆறு. பார்த்தால் வடக்கு மாநிலங்களில் நூறு கிராமங்களில் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் பெயரைக் கவனித்தால் ஒரு கேள்வி எழும். மலாயில் 'பெங்காலான்' என்றால் படகுகள் வந்து அணையும் துறை. ஆற்றில் இப்போது பெரிய படகு எதுவும் வருவதில்லை. கடலோ பல கிலோமீட்டர் தொலைவில். அப்படியானால் எந்தக் காலத்தில், எந்தக் கப்பலுக்கு இது துறையாக இருந்தது?

விடை மண்ணுக்கு அடியில் இருந்தது. 1960-ஆம் ஆண்டையொட்டி அலஸ்டர் லாம்ப் என்ற ஆய்வாளர் இந்தக் கிராமத்தில் தோண்டியபோது, சோங், யுவான் ஆட்சிக்காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மத்திய கிழக்கிலிருந்து வந்த கண்ணாடிச் சில்லுகளும் மணிகளும் அவற்றோடு கலந்திருந்தன. ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை சீனா, இந்தியா, அரபு நாடுகள் ஆகிய மூன்று பக்கத்துச் சரக்கும் கைமாறிய சந்தை இந்தச் சிற்றூர். நம் இலக்கியமும் கல்வெட்டும் 'கடாரம்' என்று சொல்லும் நாட்டின் முகங்களில் இதுவும் ஒன்று.

மலையும் ஆறும்

பூஜாங் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்வது ஒரே ஓர் இடமல்ல. வடக்கே குனோங் ஜெராய், தெற்கே மூடா ஆறு, மேற்கே மலாக்கா நீரிணை. இவற்றுக்கு இடைப்பட்ட 200 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலப்பரப்பு அது. ஜெராய் மலை 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சுற்றிலும் சமநிலம் என்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படும். பினாங்கில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடக்குக் கடற்கரையில் நின்றாலும் அதன் உருவம் தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு அது கலங்கரை விளக்கம்.

மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் பூஜாங் ஆறு மெர்போக் ஆற்றில் சேர்கிறது. மெர்போக் ஆறு அலையாத்திக் காடுகளுக்கு நடுவே வளைந்து தஞ்சோங் டாவாய் அருகே கடலை அடைகிறது. மெர்போக் என்பது ஒரு சிறிய புறாவின் பெயர். பூஜாங் என்ற சொல்லுக்கு இன்றைய மலாயில் மணமாகாதவன் என்று பொருள். ஆனால் பாம்பைக் குறிக்கும் 'புஜங்க' என்ற வடசொல்லே இப்படித் திரிந்தது என்போர் உண்டு. ஆறு நெளிந்து ஓடுவதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இப்போதுள்ள வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மெர்போக் முகத்துவாரம் இன்னும் அகன்ற வளைகுடாவாக இருந்தது என்பது நிலவியல் ஆய்வுகளின் முடிவு. இன்று நெல் விளையும் இடங்கள் பலவும் அப்போது உப்புநீர். மலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து வளைகுடாவைத் தூர்த்தது. கடற்கரை மேற்கே நகர்ந்தது. துறை இருந்த இடத்திலேயே இருந்தது. கடல்தான் விலகிப் போனது.

இந்த இடத்தில் ஏன் துறை? காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பக்கத்துக் கப்பல்களைக் கிழக்கே தள்ளிவரும். வடகிழக்குப் பருவக்காற்று சீனப் பக்கத்திலிருந்து வருவோருக்கு உதவும். ஒரு காற்று ஓய்ந்து மற்றது தொடங்கும்வரை கப்பல்காரர் எங்காவது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் புயல் படாத ஆழமான முகத்துவாரம், குடிநீர், அரிசி, கப்பலைப் பழுதுபார்க்க மரம், திரும்பும்போது ஏற்றிச் செல்லச் சரக்கு எல்லாம் வேண்டும். மெர்போக்கில் இவை ஒருசேரக் கிடைத்தன. காட்டிலிருந்து அகில், பிசின், பிரம்பு. உள்நாட்டிலிருந்து ஈயம். சுங்கை பத்துவில் உருக்கிய இரும்பு. காத்திருந்தவர்கள் கும்பிடுவதற்குக் கோயிலும் எழுந்தது.

துறை ஒரே இடத்தில் நின்றுவிடவுமில்லை. மூடா ஆற்றுப் பக்கம் கோத்தா கோலா மூடா அருகிலுள்ள கம்போங் சுங்கை மாஸ் இதைவிட மூத்தது. 5-ஆம் நூற்றாண்டையொட்டிய காலத்திலிருந்தே அங்கு ஆளரவம் இருந்திருக்கிறது. கண்ணாடி மணிகள் அங்கேயே செய்யப்பட்டதற்கான தடயங்களும் கிடைத்துள்ளன. பிறகு வணிகம் மெல்ல பெங்காலான் பூஜாங் பக்கம் நகர்ந்தது.

பினாங்குக்கு என்ன தொடர்பு?

கெடாவின் கதை நமக்கெதற்கு என்று பினாங்குக்காரர் சொல்ல முடியாது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும்வரை இந்தத் தீவே கெடாவுக்குச் சொந்தமானது. 1800-இல்தான் செபராங் பிறையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு முந்தைய எல்லாமும் பழைய கெடாவின் வரலாறுதான்.

சான்றுகளும் பினாங்குப் பக்கத்திலேயே தொடங்குகின்றன. செபராங் பிறையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ, 1834-இல் அதன் வட எல்லைக்கு அருகில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு தூபி செதுக்கப்பட்டு, சுற்றிலும் வடமொழியில் எழுத்துகள். இரத்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன் தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டிப் பொறித்தது அது. காலம் 5-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்த ஊர் வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கம் இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. கல் இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொன்று இன்னும் பக்கத்தில் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் தமிழர்கள் திரளாகப் போகிறார்கள். அந்த ஆலய வளாகத்தில்தான் செரோக் தோக் குன் பாறை இருக்கிறது. அதில் பழைய இந்திய எழுத்து வரிகள் உள்ளன. அதையும் உலகுக்குச் சொன்னவர் ஜேம்ஸ் லோதான். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புவோரில் எத்தனை பேர் அந்தப் பாறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பெனாகா அருகிலுள்ள குவார் கெப்பா இவற்றையெல்லாம் விடப் பழையது. அங்குள்ள சிப்பி மேடுகளில் கற்கால மனிதர்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள். 1930-களில் தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 2017-இல் அதே இடத்தில் இன்னோர் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். லெய்டன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடாரத்தின் கதையிலும் அது வரப்போகிறது.

தமிழ் நூல்களும் செப்பேடும் சொல்வது

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஈழத்து உணவுக்கு அடுத்ததாகக் காழகத்தின் பொருள் வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் சொன்னார். அவர் உரை எழுதியது மூல நூலுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து என்பதால், இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல் வலுவான மரபாகக் கொள்வதே முறை. வடமொழியில் இதே நாடு 'கடாஹ' என்று வருகிறது. கடாரம், கடாஹம் இரண்டுக்குமே பெரிய கொப்பரை என்ற பொருளும் உண்டு. சீனத்துறவி இ-சிங் 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா போகும் வழியில் தங்கிய இடங்களில் ஒன்றும் கெடாதான் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று முதலாம் இராசராசன் காலத்தில் கிடைக்கிறது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாற விசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதன் செலவுக்காக இராசராசன் 1006-ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். சைவ மன்னன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த அரசன். இதைப் பதிவு செய்த செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சுக்காரர் வழியாக லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன.

இருபதே ஆண்டுகளில் நட்பு முறிந்தது. 1025-இல் இராசேந்திரன் கடற்படையை அனுப்பினான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவன் வென்ற பத்துக்கும் மேற்பட்ட ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், நக்கவாரம் என்று நீளும் அந்த வரிசையின் கடைசியில் கடாரம். அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். இராசேந்திரன் 'கடாரம் கொண்டான்' ஆனான். சண்டைக்கான காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. சீனாவுக்குப் போகும் வணிகப் பாதையில் ஸ்ரீவிஜயம் வைத்திருந்த பிடியே காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

நம் மேடைப் பேச்சுகளில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். மண் சொல்லும் கதை வேறு. பெங்காலான் பூஜாங் செழித்ததே அந்தப் படையெடுப்புக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில்தான். சோழர் இங்கே நிலையாக ஆட்சி நடத்தினார்கள் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி அதே நாகப்பட்டினம் விகாரத்துக்கு உரிமைகளை உறுதி செய்து சிறிய லெய்டன் செப்பேட்டை வெளியிட்டான். அடித்துக்கொண்டவர்கள் மறுபடி கணக்கு வழக்குக்குத் திரும்பிவிட்டார்கள். வணிகர்களுக்கு வேறு வழியும் இல்லை.

சண்டிகளைக் கட்டியது யார்?

பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் இடிபாடுகளை மலாயில் 'சண்டி' என்கிறார்கள். 1936-க்கும் 1938-க்கும் இடையில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் மனைவியுடன் சேர்ந்து ஏறக்குறைய 30 இடங்களை ஆராய்ந்து எண்ணிட்டார். இன்றும் சண்டிகளுக்கு வழங்கும் எண்கள் அவர் வழி வந்தவைதான். மிகப் பெரியது புக்கிட் பத்து பாஹாட்டில் உள்ள 8-ஆம் எண் சண்டி. 'பாஹாட்' என்றால் உளி; உளி பட்ட கற்களின் குன்று. லாம்ப் தலைமையில் 1960-இல் அது இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கிக் கட்டப்பட்டது. அதன் அடிவாரத்தில்தான் இப்போது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஏறிப் பார்த்தால் அமைப்பு நமக்குப் பழக்கமானதாகத் தெரியும். கருவறை இருந்த விமானப் பகுதி, முன்னால் மண்டபம். ஆனால் மேலே கூரை இல்லை, கோபுரமும் இல்லை. இடிந்து போகவில்லை, ஆரம்பத்திலேயே கல்லில் கட்டப்படவில்லை. அடித்தளம் மட்டும் கருங்கல், செம்பாறை அல்லது செங்கல். தூணும் கூரையும் மரம். மரம் மட்கிப் போக, தூண்களைத் தாங்கிய கற்களின் குழிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அடித்தளத்துக்குள் புதைத்திருந்த கற்பேழைகளும் கிடைத்தன. உள்ளே செம்புக் கலயம், பொன் தகடு, மணிக்கற்கள். கோயில் கட்டும்போது கருவறையின் அடியில் பொன்னும் மணியும் இடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் தமிழ்நாட்டில் உள்ள எந்தக் கோயிலின் நேர்ப்படியும் அல்ல இவை. ஆகமம் அறிந்த யாரோ வழி சொல்ல, இந்த மண்ணின் கைவினைஞர்கள் இங்குள்ள கல்லையும் மரத்தையும் கொண்டு, இங்குள்ள மழைக்கு ஏற்ப எழுப்பியவை என்று கொள்வதே பொருத்தம். வேல்ஸ் காலத்தில் 'இந்தியக் குடியேற்றம் அலை அலையாக வந்தது' என்று எழுதினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. உள்ளூர் அரசும் உள்ளூர் மக்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்பதே இன்றைய பார்வை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்கில் அறியப்பட்ட கல்வெட்டுகள் வடமொழியில் அமைந்தவை. தமிழ்க் கல்வெட்டு வேண்டுமானால் வடக்கே தாய்லாந்தின் தாக்குவா பா வரை போக வேண்டும். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, மணிக்கிராமத்து வணிகர் காவலில் விட்ட 'அவனிநாரணம்' என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. மேற்கே சுமத்திராவின் பாரூசில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் பொறித்த கல் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கடாரத்துக்குத் தமிழ் வணிகர் வரவில்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சண்டிகள் எல்லாமே சோழன் கட்டியவை என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை. பலவும் சோழர் படைக்கு முந்தையவை. அதுபோல், இந்தியத் தொடர்பு வெறும் மேற்பூச்சு என்று மறுபக்கம் கிளம்பும் பேச்சுக்கும் கற்பேழைகள் இடம் தரவில்லை.

பெடோங்–மெர்போக் சாலையில் செமெலிங் அருகிலுள்ள சுங்கை பத்துவில் 2009 முதல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகக் குழு தோண்டிய இடங்கள் விவாதத்தை மேலும் சூடாக்கின. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், துருத்திக் குழாய்கள், படகுத்துறை போன்ற செங்கல் கட்டுமானங்கள், வட்ட வடிவில் ஒரு சடங்கு மேடை. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இங்கு இரும்புத் தொழில் நடந்தது என்பது பெரிய செய்திதான். கி.மு. 535, பிறகு கி.மு. 788 என்று வெளியான அறிவிப்புகளை மற்ற ஆய்வாளர்கள் அனைவரும் ஏற்றுவிடவில்லை.

தோட்டத்துக்குள் ஒரு கோயில், 2013

சண்டிகள் பலவும் வெளிப்பட்டது ரப்பர்த் தோட்டங்களிலும் வயல்களிலும் ஆற்றோரங்களிலும்தான். பெடோங், செமெலிங், சுங்கைப்பட்டாணி வட்டாரம் தோட்டப்புறத் தமிழர்களின் பூமி. நிரை பிடித்து மரம் வெட்டியவர்களின் காலடியில் செங்கல் தட்டுப்பட்டிருக்கும்; அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தோட்டம் கைமாறினால் அதற்குள் இருப்பதும் கைமாறும். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டி மண்வாரி இயந்திரத்தால் இடிக்கப்பட்ட செய்தி வெளியானது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது நடந்தது அது. பூஜாங் பள்ளத்தாக்கு பற்றி நூல் எழுதிய டத்தோ வி. நடராஜன் உள்ளிட்டோர் குரல் எழுப்பிய பிறகே நாட்டின் கவனம் அங்கே திரும்பியது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மழை வெயிலைத் தாங்கிய அடித்தளம், இயந்திரத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் போகவில்லை. 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம் அமலில் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சண்டி இருந்தது தனியார் நிலம். பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அரசிதழில் வராத இடத்துக்கு வரைபடத்தில் எண் இருந்தாலும், மண்வாரி ஓட்டுபவரைத் தடுக்க அங்கே ஒரு பலகைகூட இருக்காது. பூஜாங் பள்ளத்தாக்கு என்ற பெயர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற வேண்டும் என்று கேட்பது எளிது. அதற்கு முன்னால், எந்த லாட்டில் எந்தச் சண்டி, நிலப்பட்டா யார் பெயரில் என்ற சலிப்பான வேலை முடிய வேண்டும். உண்மையில் காப்பாற்றுவது அந்த வேலைதான்.

இன்னும் கிடைக்க வேண்டியவை மண்ணுக்குள் இருக்கின்றன என்பதற்கு 2023-ஆம் ஆண்டு சான்று. ஜெராய் மலைக்கு வடக்கே யான் வட்டாரத்திலுள்ள புக்கிட் சோராஸ் இடத்தை வேல்ஸ் 1930-களிலேயே பார்த்துக் குறித்திருந்தார். அதே இடத்தைப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் தோண்டியபோது, சுதையால் செய்த, தியானத்தில் அமர்ந்த உருவங்கள் வெளிவந்தன. பார்த்து முடித்துவிட்டதாக நினைத்த மேட்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை காத்திருந்தன.

நேரில் பார்க்க விரும்புவோருக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையில் சுங்கைப்பட்டாணியைத் தாண்டி பெடோங், செமெலிங் வழியாக மெர்போக் போக வேண்டும். வழியில் சாலையோரத்திலேயே சுங்கை பத்து வருகிறது. புக்கிட் பத்து பாஹாட் அருங்காட்சியகத்தில் 8-ஆம் எண் சண்டியோடு, வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கிய பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளையும் பார்க்கலாம். அங்கேயே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பெங்காலான் பூஜாங் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். செங்கல் அடித்தளங்கள் கிராமத்திலேயே இருக்கின்றன. பக்கத்தில் ஆறு ஓடுகிறது.